சிவப்புக் கூலண்ட்டும் எண்பது பேர் சாப்பாடும்

எங்கள் ஜீப்புக்குத் தாகம் அதிகம்.

பழைய டீசல் வண்டி. நான் வாங்கும்போதே பழசுதான். ஒரு காலத்தில் தளேகாவ் பக்கம் ஆள் ஏற்றி ஓடியது. பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டேன். வீடு புனேக்கு வெளியே, தேஹு ரோடு ஸ்டேஷன் பக்கம். மனைவி இட்லி மாவு அரைக்கிறாள், மதியச் சாப்பாட்டு டப்பா கட்டுகிறாள். அதையெல்லாம் நிக்டி, சாங்வி வரை கொண்டுபோய்க் கொடுப்பது வண்டியின் வேலை. ஓட்டுவது என் வேலை.

தினமும் கிளம்பும் முன் பானெட்டைத் திறந்து ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுவேன். இன்ஜின் சூட்டைத் தணிக்க எப்போதோ ஊற்றிய பச்சைக் கூலண்ட் உள்ளே பேருக்கு இருந்தது. மற்றதெல்லாம் குழாய்த் தண்ணீர். போகிற வழியில் ஊற்ற ஒரு கேன் தனியாகப் பின்னால் இருக்கும்.

"எருமைக்குக்கூட இவ்ளோ தண்ணி காட்ட மாட்டாங்க" என்பாள் மனைவி.

"எருமை உன் மாவு டப்பாவத் தூக்காது" என்பேன்.

காலையில் எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

என் மைத்துனன் சாங்வியில் இருக்கிறான். மனைவியின் தம்பி. பிம்ப்ரியில் ஒரு கம்பெனியில் ஜெனரேட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. அவனுக்கு வாய் நிற்காது, எனக்கு வாய் திறக்காது. அதனால் இத்தனை வருடத்தில் சண்டையே வந்ததில்லை. ஒருநாள் மாவு கொடுக்கப் போனபோது அவன் வீட்டு வாசலிலேயே பானெட்டைத் திறந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். பல் விளக்கிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தான்.

"இன்னா மாமா, இன்னமும் பானி ஊத்திகினு கீற? எங்க ஜெனரேட்டருக்கெல்லாம் லாங் லைஃப் கூலண்ட்டு ஊத்தியாச்சு. செவப்பா இருக்கும். ஊத்து, மூடு, மறந்துடு. வருஷக்கணக்கா அந்தப் பக்கம் எட்டிப் பாக்க வேணாம்."

மறந்துடு என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

"பழைய இன்ஜினுக்குச் சேருமா?"

"சேரும். ஆனா பச்சையும் செவப்பும் கலக்கக்கூடாது. கலந்தா உள்ள கூழ் காச்சிடும். கழுவிட்டு ஊத்தணும். உன்னுது செம்பு ரேடியேட்டரு, ஈயம் பத்தவெச்ச ஜாயிண்ட்டு. அத மட்டும் பாத்துக்கணும்."

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பார்க்கவில்லை.

அப்போதுதான் மனைவிக்கு அந்த ஆர்டர் வந்தது. வானவடியில் ஒரு அபார்ட்மெண்ட். கோயம்புத்தூர்க்காரர்கள். மகளுக்கு வளைகாப்பு, எண்பது பேர். சர்க்கரைப் பொங்கல், எலுமிச்சை சாதம், புளி சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், அவியல், அப்பளம்.

என் மனைவி மண்டபங்களில் காய் நறுக்கப் போகிறவள். பெரிய சமையல்காரர் ஒருவர் இருக்கிறார். ஆர்டர் அவருடையது, பெயரும் அவருடையது. இவள் கத்தியும் பலகையும் எடுத்துக்கொண்டு போவாள். புளிக்காய்ச்சல் இவள் காய்ச்சியதாக இருக்கும். நன்றாக இருக்கிறது என்று அவரிடம் சொல்வார்கள். அவர் தலையாட்டுவார். வீட்டுக்கு வந்து கை கழுவும்போது இவள் பாத்திரத்தை டங்கென்று வைப்பாள். எனக்குப் புரிந்துவிடும்.

இந்த ஆர்டர் அவளைத் தேடி வந்தது. மாவு வாங்குகிற ஒரு அம்மாள் சொல்லி வந்தது. புனேயில் இருக்கிற நம்ம ஊர்ப் பெண்களுக்கு ஒரு வாட்ஸ்ஆப் குரூப் இருக்கிறது. முருங்கைக்கீரை எங்கே கிடைக்கும் என்பது முதல் மருமகளுக்கு எந்த டாக்டர் நல்லவர் என்பது வரை எல்லாம் அங்கேதான் முடிவாகும். அதில் ஒருத்தி நல்ல விதமாக எழுதினால் பத்து வீடு திறக்கும். சாப்பாடு லேட் என்று எழுதினால் மாவுகூட விற்காது.

"நல்லபடியா போய்ச் சேந்தா இனிமே நம்ம பேருல செய்யலாம்" என்றாள். பிறகு ஜீப்பைப் பார்த்தாள். "வண்டி போவுமா?"

"போவும்."

"வழியில நின்னு தண்ணி கேக்குமா?"

"கேக்காது."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் மைத்துனனுக்குப் போன் போட்டேன்.

பிம்ப்ரி கம்பெனிகளுக்கு வியாழக்கிழமை லீவு. வளைகாப்பு வெள்ளிக்கிழமை. வேறு நாள் கிடையாது. வியாழன் காலை சிவப்புக் கேன், பேட்டரி கடையிலிருந்து டிஸ்டில்டு வாட்டர், ரேடியேட்டர் கழுவுகிற மருந்து எல்லாவற்றையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினான். அடியில் இருக்கும் குழாய் திறக்கவில்லை. தட்டினான், திட்டினான், திறந்தது. பழைய தண்ணீர் துருவோடு இறங்கியது. மருந்து கலந்து தண்ணீர் நிரப்பி இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு மறுபடியும் திறந்தோம்.

மஞ்சளாக வந்தது. கொஞ்சமல்ல, கட்டி கட்டியாக வந்தது.

மைத்துனன் குனிந்து முகர்ந்தான். "மாமா, இது ரேடியேட்டரா, சாம்பார் அண்டாவா?"

ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு பிடி மஞ்சள்தூள் போடுவது டிரைவர்களின் வழக்கம். அது உள்ளே போய் ஊறி ஓட்டையில் உட்கார்ந்துகொள்ளும். கொஞ்ச நாள் ஓடும். மறுபடியும் ஒழுகும், மறுபடியும் ஒரு பிடி. நான் வருடக்கணக்காகப் போட்டு வந்தேன்.

மனைவி முருங்கைக்காயோடு வெளியே வந்தாள். தரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அடப் பாவி மனுசா. மஞ்சத்தூள் எங்க போவுதுன்னு பக்கத்து வூட்டுக்காரிய சந்தேகப்பட்டுகினு இருந்தேனே."

"அக்கா, மாமா வண்டிக்கு நலுங்கு வெச்சிருக்காரு" என்றான் தம்பி. "நாளைக்கு வளையலும் போட்டுட வேண்டியதுதான்."

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் டப்பாவை மேல் அலமாரிக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது.

தெளிந்த தண்ணீர் வருகிறவரை கழுவினோம். மைத்துனன் கேனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான்.

"ரெண்டு நாளு வெறுந்தண்ணியில ஓட்டிப் பாத்துட்டு ஊத்தணும் மாமா. எங்கயாவது ஒழுகுதான்னு தெரியும்."

"நாளைக்கு வானவடி."

"அப்ப ஊத்திடலாம்."

பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊற்றினோம். ஐஸைச் சீவி உருட்டி விற்கிற கோலாக்காரன் அதன் மேல் ஊற்றுகிற சர்பத்தைப் போல நல்ல சிவப்பு. சாயங்காலம் தேஹு கிராமம் வரை போய்வந்தேன். சூடு காட்டும் முள் பாதிக்குக் கீழே படுத்துக்கொண்டிருந்தது. தண்ணீர்க் கேனை வண்டியிலிருந்து இறக்கி வைத்தேன். டேஷ்போர்டில் காகிதத்தில் மடித்து வைத்திருந்த மஞ்சள்தூளையும் எடுத்துவிட்டேன். நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை அண்டாக்களை ஏற்றினோம். மூடி மேல் துணி, துணி மேல் கயிறு. விருந்தாளிகளுக்குக் குடிக்க இரண்டு பெரிய ஜார் தண்ணீர். மனைவி பட்டுப் புடவை கட்டிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள். மே மாதம். ஒன்பது மணி வெயிலே சுரீரென்று அடித்தது.

நிக்டி தாண்டும்வரை நன்றாக இருந்தது. பிம்ப்ரியில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று போனோம். மனைவி மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னாங்க, இனிப்பா ஒரு வாசன வருது."

"சக்கரப் பொங்கலு."

"என் பொங்கல்ல ஏலக்காய் வாசன. இது வேற."

அவள் மூக்கு பொய் சொல்லாது. முள்ளைப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஏறியிருந்தது.

தாபோடியில் மெட்ரோ பாலத்தின் நிழலில் ஓரம் கட்டினேன். இறங்கிக் குனிந்தாள். வண்டிக்கு அடியில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு.

"ஐயோ! எதையாவது ஏத்திட்டியா?"

"கூலண்ட்டு."

"அதானா" என்று ஒரு நொடி மூச்சு விட்டாள். அடுத்த நொடி அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் மாறியது. "போவும்னு சொன்னியே."

பானெட்டைத் திறந்தேன். ரேடியேட்டரின் மேல் ஜாயிண்ட்டில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். இத்தனை நாள் அதை அடைத்துக்கொண்டிருந்தது என் மஞ்சள். அதைத்தான் நேற்று சுத்தமாகக் கழுவி விட்டோம்.

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் தலையை நீட்டிப் பார்த்தார். "காகா, ஹளத் டாகா!" என்றார். மஞ்சள் போடச் சொல்கிறார்.

மனைவி என்னைப் பார்த்தாள். "மஞ்சள் எங்க?"

"வூட்ல."

"வண்டியிலயே வெச்சிருப்பியே?"

"நேத்து எடுத்து வெச்சிட்டேன். இனி வேணாம்னு."

"எலுமிச்ச சாதத்துல கீது. அள்ளிக்கோ."

கோபமாகத்தான் சொன்னாள். ஆட்டோக்காரருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சிரித்தார்.

வாடகை டெம்போ பிடிக்கலாம் என்று போனில் தட்டிப் பார்த்தாள். சுற்றிக்கொண்டே இருந்தது, ஒருவரும் வரவில்லை. வந்திருந்தாலும் நடுரோட்டில் அத்தனை அண்டாவை வண்டி மாற்றுவது நடக்கிற காரியமில்லை. அதற்குள் வானவடியிலிருந்து வளைகாப்புப் பெண்ணின் அம்மாவே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் கேட்டது.

"ஏனுங்க்கா, எங்கீங்க வந்துட்டு இருக்கீங்க? இங்க நலுங்கு வெக்க ஆரம்பிச்சாச்சுங்க. வளையல் போட்டு முடிச்சா உடனே எல போடோணுங்க. எங்க சம்பந்தி வீட்டுக்காரங்க வேற வந்துட்டாங்கோ."

"பக்கத்துல வந்துட்டோங்க" என்றாள் மனைவி. எங்களுக்கும் வானவடிக்கும் நடுவில் பாதி புனே இருந்தது.

போனை வைத்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டாள். அவனைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. திட்டி முடித்ததும் போனை என் பக்கம் நீட்டினாள்.

"ரேடியேட்டர் மூடிய பாதி திருகி வுட்டு ஓட்டலாம்னு பாக்கறேன்" என்றேன்.

"சரிதான் மாமா. உள்ள பிரஷர் கம்மியாவும், ஒழுவறது கம்மியாவும். ஆனா சீக்கிரம் கொதிச்சிடுமே. சூட்ட வேற பக்கம் எடுக்கணும். ஹீட்டர் போடு."

"அது வேல செய்யாது. வாங்கன நாள்லருந்து செய்யல."

"இப்ப செய்யும். அதுவும் குட்டி ரேடியேட்டருதான். அதுக்குள்ளயும் உன் மஞ்சள்தான் அடைச்சிருக்கும். நேத்து எல்லாம் போயிடுச்சே."

மனைவி போனைப் பிடுங்கினாள். "மே மாசத்துல ஹீட்டரா? உனக்கு மூள கீதா?"

"பொங்கலு சூடா போய்ச் சேரும்க்கா" என்று சொல்லிவிட்டு அவனே வைத்துவிட்டான். புத்திசாலி.

சூடு தணிகிறவரை காத்திருந்தேன். சூட்டோடு மூடியைத் திறந்தால் முகம் போய்விடும். அவள் நேரத்தைப் பார்ப்பதும் அண்டாவைத் தொட்டுப் பார்ப்பதுமாக இருந்தாள். தயிர் சாதத்தை மட்டும் திறந்து முகர்ந்தாள். வெயிலில் புளித்துவிட்டால் சம்பந்தி வீட்டார் முன்னால் மானம் போகும். கடைசியில் ஈரத்துணி சுற்றி மூடியைத் திறந்தேன். தண்ணீர் நிறையக் குறைந்திருந்தது. என் கேன் வீட்டில் இருந்தது.

"ஜார் ஒண்ண எடுத்து ஊத்து" என்றாள்.

"குடிக்கிற தண்ணி."

"அங்க போய் தண்ணி கேட்டா குடுப்பாங்க. சாப்பாடு கேட்டா யாரு குடுப்பா?"

ஊற்றினேன். ஜாரில் மிச்சம் இருந்ததை அவள் பக்கத்தில் வைத்தேன். மூடியைப் பாதி திருகினேன். ஹீட்டரின் குமிழைக் கடைசிவரை தள்ளி ஃபேனை முழுதாக வைத்தேன். முதலில் தூசி வந்தது. காய்ந்த இலை ஒன்று பறந்து வந்து அவள் மடியில் விழுந்தது. பிறகு வந்தது சூடு. இட்லிப் பானையைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. முள் நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

"தயிர்சாதம்!" என்று கத்தினாள்.

வண்டியை நிறுத்தினேன். பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஏறினாள். தயிர் சாத அண்டாவைப் பின் கதவோரம் இழுத்து, துண்டை நனைத்து அதைச் சுற்றினாள். அண்டாவைக் கட்டிப்பிடித்தபடி தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். பின் கதவுத் திரையைச் சுருட்டிவிட்டாள். "போ" என்றாள்.

போனேன். கட்கி, பிறகு கேம்ப். கண்ணாடிகள் எல்லாம் இறக்கியிருந்தும் உள்ளே அடுப்பாங்கரைதான். சட்டை முதுகில் ஒட்டி, பிறகு சீட்டிலும் ஒட்டியது. ஸ்டியரிங் வழுக்கியது. சிக்னலில் நின்றால் இன்ஜினை அணைப்பேன், விளக்கு மாறியதும் போடுவேன். பின்னாலிருந்து, "எங்க வந்துட்டோம்?" என்று குரல் வரும். சொல்வேன். துண்டு பிழிகிற சத்தம் கேட்கும். ஸ்கூட்டரில் வந்த ஒருவர் ஜன்னல் பக்கம் நின்றார். எங்கள் சூடு அவர் மேல் பட்டதும் வண்டியை இரண்டடி தள்ளி நிறுத்தினார். கேம்ப் தாண்டி ஒருமுறை இறங்கி, ஜாரில் இருந்த மிச்சத்தையும் ஊற்றினேன். அதற்கு மேல் சொட்டியதை நான் பார்க்கவில்லை. பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

அபார்ட்மெண்ட் கேட்டிலேயே அந்த அம்மாள் போனோடு நின்றிருந்தார்.

"வாங்க வாங்க. பயந்தே போயிட்டேனுங்க. இப்பத்தான் கடைசி வளையல் போடறாங்க." என் மனைவி பின்னாலிருந்து இறங்கியதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். புடவை நனைந்து, பொட்டு கரைந்து மூக்கு வரை வந்திருந்தது. "ஏனுங்க்கா, இப்படி வேர்த்து ஊத்துது? வண்டில ஏசி இல்லீங்களா?"

"ஹீட்டர் கீதுங்க" என்றாள் மனைவி.

அந்த அம்மாள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் அண்டாவைத் தூக்கினேன்.

எல்லாவற்றையும் லிஃப்டில் ஏற்றி மேலே அனுப்பிவிட்டுக் கீழே வந்தேன். குறைகிற குடிதண்ணீரை அவர்கள் வீட்டு ஃபில்டரிலேயே பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். வாட்ச்மேன் தரையில் பரவிய சிவப்பைக் காட்டி இந்தியில் சத்தம் போட்டார். அடியில் ஒரு பழைய அண்டா மூடியை வைத்தேன். சரி என்று போய்விட்டார். நான் வண்டி நிழலில் உட்கார்ந்தேன்.

ரேடியேட்டர் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். அடுத்த வாரம் சின்ச்வடில் கொடுத்து ரேடியேட்டரின் உள்கூடான செம்புக் கோரைப் புதிதாகப் போட்டேன். அதன் பிறகு மைத்துனன் பேச்சைக் கேட்டு வெறும் தண்ணீரில் கொஞ்ச நாள் ஓட்டினேன். எங்கும் ஒழுகவில்லை. அப்புறம்தான் சிவப்பை ஊற்றினோம். இப்போது ரேடியேட்டர் பக்கத்து டப்பாவில் அளவு போட்ட கோட்டிலேயே நிற்கிறது. காலையில் பானெட்டைத் திறக்கிறேன், பார்க்கிறேன், மூடுகிறேன். மறந்துடு என்றான். அது மட்டும் இன்னும் வரவில்லை.

அன்று நான் கீழே உட்கார்ந்திருந்தபோது இதெல்லாம் மனதில் இல்லை. மேலே என்ன நடக்கிறது என்றுதான் இருந்தது. சிரிப்புச் சத்தம் கேட்டது. சாப்பிட்டுவிட்டு ஆட்கள் இறங்கிவரத் தொடங்கினார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தேன். சாப்பிட்ட முகமாக இருந்தது. அதற்கு மேல் தெரியவில்லை.

வெகுநேரம் கழித்து லிஃப்ட் திறந்தது. மனைவி அண்டாக்களோடு வந்தாள். தூக்கப் போனேன். தக்கையாக இருந்தது.

"எல்லாம்?"

"எல்லாம்."

"தயிர்சாதம்?"

"மொதல்ல தீந்ததே அதான். மாசமா இருக்கற பொண்ணு ரெண்டு தடவ வாங்கிச் சாப்ட்டுது. சம்பந்தியம்மா வந்து, 'பொங்கல் இவ்ளோ சூடா எப்படீங்க கொண்டாந்தீங்க'ன்னு கேட்டாங்க."

"இன்னா சொன்ன?"

"தொழில் ரகசியம்னு சொன்னேன்."

அவள் பையில் போன் டிங் டிங்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. குரூப்பில் யாரோ இலையைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னாள். எடுத்துப் பார்க்கவில்லை. காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை, அண்டாவிலும் ஒரு பருக்கை இல்லை. கேட்டுக்கு வெளியே வடா பாவ் வண்டி இருந்தது. ஆளுக்கு இரண்டு வாங்கினேன். கேட் சுவரில் சாய்ந்து நின்று சாப்பிட்டோம். மிளகாயைக் கடித்துவிட்டு மூச்சை உள்ளே இழுத்தாள்.

"கொழந்தைக்குப் பேரு வெக்கறதுக்கும் நம்மளத்தான் வரச் சொல்லிட்டாங்க" என்றாள். "இன்னும் ரெண்டு பேரு நம்பர் வாங்கினு போனாங்க."

தலையாட்டினேன்.

"மண்டபத்துச் சமையல்காரர்கிட்ட, இனிமே காய் நறுக்க வர முடியாதுன்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, வண்டிக்கு அடியில் மூடியில் தேங்கியிருந்த சிவப்பைப் பார்த்தாள்.

"மொதல்ல வண்டியச் சரி பண்ணு. அப்புறம் சொல்றேன்."

"சரி" என்றேன்.